கரை ஒதுங்கிய உடலை அடையாளம் காண ரத்தம் கொடுத்தால், அது குற்றவாளிகள் பட்டியலுக்குப் போகுமா?

கேள்வி – நெய்தல்கரை:
தொண்டிப் பக்கம் ஒதுங்கிய உடலை அடையாளம் காண, கடலில் காணாமல் போனவரின் அம்மாவிடமும் தம்பியிடமும் டிஎன்ஏ பரிசோதனைக்கு ரத்தம் கேட்டிருக்கிறார்கள். அம்மா தயார். தம்பி தயங்குகிறார்: "நாளைக்கு ஊரில் எது நடந்தாலும் என் ரத்தத்தோடுதானே ஒப்பிடுவார்கள்?" யார் கொடுப்பது அவசியம்? கொடுத்தபின் அது எங்கே போகும்?

பதில் – ஆய்வகத்தான்:
அம்மா அவசியம், அப்பா இருந்தால் அவரும். அப்பா இல்லையென்றால் காணாமல் போனவரின் மனைவியும் பிள்ளையும் சேர்ந்து கொடுக்கட்டும். தம்பியின் ஒய் குரோமோசோம் தந்தைவழியை மட்டுமே காட்டும். சித்தப்பா மகனுக்கும் அதேதான். ஆகவே மற்றவர்கள் கிடைக்கும்போது தம்பியை வற்புறுத்த வேண்டாம்.

ஒருவருக்கு 2–3 மில்லி ரத்தம், உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில். அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது உடலிலிருந்து எடுக்கும் மாதிரிதான். பல நாள் கடலில் கிடந்த உடலில் தசையை நம்ப முடியாது. கடைவாய்ப் பல் இரண்டு மூன்றும் தொடை எலும்புத் துண்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் நம் கடற்கரைப் புழுக்கத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். அவருடைய பல் துலக்கும் பிரஷ் இருந்தால் கழுவாமல் கொடுங்கள்.

பதில் – வழக்காடி:
குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், 2022 தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் இருப்பவர் போன்றோருக்கானது; பதிவுகள் 75 ஆண்டு இருக்கும். காணாமல் போனவரின் உறவினர் அந்த வரிசையில் இல்லை. ஆனால் புலனாய்வுக்குத் தேவை என்று கருதினால் 5ஆம் பிரிவின்படி நடுவர் (மாஜிஸ்திரேட்) யாரையும் கொடுக்கச் சொல்லலாம். காணாமல் போனோருக்குத் தனித் தொகுப்பு வகுத்த 2019 டிஎன்ஏ மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. உறவினர் மாதிரிக்கென்று தனிச் சட்டம் இல்லாததால், ஒப்புதல் படிவத்திலேயே எழுதுங்கள்: "இன்னாரை அடையாளம் காண மட்டும். வேறு வழக்கில் ஒப்பிட ஒப்புதல் இல்லை. முடிந்ததும் அழிக்க வேண்டும்." நகல் வாங்காமல் வராதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் இதற்குப் பிடிமானம்.

பதில் – சேதுக்கரை:
தம்பியின் பயம் வீண் பயம் அல்ல. முழுப் பொருத்தம் கிடைக்காதபோது பாதிப் பொருத்தத்தை வைத்து உறவினரைத் தேடும் முறை உண்டு. 2018இல் கலிபோர்னியாவில் பல்லாண்டு பிடிபடாத கொலையாளி சிக்கியது, தூரத்துச் சொந்தங்கள் வம்சாவளித் தளத்தில் ஏற்றிய டிஎன்ஏ வழியாகத்தான். தலைமுறைகளாக மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டும் நம் குப்பங்களில், பாதிப் பொருத்தம் ஒரு தெருவையே சந்தேகத்தில் நிறுத்திவிடும். இன்ன சாதியில் பிறந்தவன் குற்றம் செய்வான் என்று கணித்த ரேகைச் சட்டத்தை (குற்றப் பரம்பரைச் சட்டம்) 1947 வரை சுமந்த மண் இது. அடையாளத்துக்குப் பார்க்கும் இருபது சொச்ச மரபணு இடங்கள் ஆளுக்கு ஆள் வேறுபாடு காட்டும், அவ்வளவுதான். யார் திருடுவார் என்று சொல்லாது.

நெய்தல்கரை:
அம்மா, மனைவி, மகள் கொடுக்கிறார்கள். மகளுக்கு வயது 6, ஊசி என்றால் அலறுகிறாள்.

ஆய்வகத்தான்:
கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் துடைத்தாலே போதும். அதற்கு அரை மணி நேரம் முன்பு எதுவும் சாப்பிடக் கூடாது. குச்சி நன்றாகக் காய்ந்தபின் உறையில் போடட்டும். அவள் அம்மா கையெழுத்திட வேண்டும்.