போலந்தில் பெரிய சனிக்கிழமை உணவுக்கூடை: எதை வைப்பது, எப்போது உண்பது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் கிராக்கோவ் நகரில் வசிக்கிறோம். இருவருமே தூத்துக்குடி மறைமாவட்டத்துக்காரர்கள். பெரிய சனிக்கிழமை (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய நாள்) இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வழிபாட்டில் புதுத் தீயையும் தீர்த்தத்தையும் மந்திரிப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, பெரிய சனிக்கிழமை பகலில் உணவைக் கூடையில் வைத்து ஆலயத்திற்குக் கொண்டுபோய் மந்திரித்து வரும் 'ஷ்வியென்ட்சோன்கா' வழக்கம் புதிது. பக்கத்து வீட்டு அம்மா இவ்வாண்டு தம்மோடு வருமாறு அழைத்திருக்கிறார். கூடையில் அவசியம் இருக்க வேண்டியவை யாவை? நம் வீட்டுப் பலகாரத்தையும் வைக்கலாமா? திருவிழிப்பு முடிந்து வந்ததும் உண்ணலாமா, விடியும்வரை பொறுக்க வேண்டுமா?

மறுமொழி 1:
சகோதரிக்கு வணக்கம். இன்னின்ன பொருள் இருந்தே ஆக வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் எதையும் விதிக்கவில்லை. ஆனால் அந்தக் கூடையை, உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்தில் உணவை விலக்கி நோற்கும் ஒறுத்தலோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது விளங்கும். முற்காலத்தில் போலந்து மக்கள் இறைச்சியை மட்டுமன்றி முட்டை, பால், வெண்ணெய் ஆகியவற்றையும் தவக்காலத்தில் விலக்கி வந்ததால், உயிர்ப்பு ஞாயிறன்று மறுபடி தொடும் முதல் உணவை ஆசி பெற்ற பின்னரே உண்டார்கள். 1614ஆம் ஆண்டு வெளிவந்த உரோமைத் திருச்சடங்கு நூலிலேயே பாஸ்கா ஆட்டுக்குட்டிக்கும் முட்டைக்கும் அப்பத்திற்கும் தனித்தனி மன்றாட்டுகள் உண்டு. இன்றும் போலந்துக் குருக்கள் அப்பம், இறைச்சி, முட்டை என மூன்றுக்கும் மன்றாடிய பின்பே தீர்த்தம் தெளிக்கிறார்கள். எனவே இம்மூன்றையும் முதலில் எடுத்து வையுங்கள். உப்பும், மூக்கில் ஏறும் காரமுடைய ஹார்ஸ்ராடிஷ் வேரும், வெண்ணெயில் செய்த செம்மறிக்குட்டியும் வழக்கமாகச் சேர்பவை. அந்தக் காரம் ஆண்டவரின் பாடுகளை நினைவூட்டுவதாகச் சொல்வார்கள். வெள்ளைத் துணி விரித்து, ஓரத்தில் பாக்ஸ்வுட் என்னும் பசுமை மாறாச் செடியின் தழையைச் செருகுவார்கள். மந்திரித்தவுடன் திரும்பிவிடாமல், ஆலயத்தில் அமைத்திருக்கும் ஆண்டவரின் கல்லறை முன் சற்று நேரம் முழங்காலிட்டு வாருங்கள்; அன்றைய நாளின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மறுமொழி 2:
பலகாரத்தைப் பற்றி என் கருத்து: தாராளமாக வையுங்கள். ஞாயிறு காலையில் உங்கள் குடும்பம் உண்மையாகவே உண்ணப்போகும் உணவை மந்திரிப்பதுதான் இந்த வழக்கத்தின் உட்பொருள். முட்டையோடும் இறைச்சியோடும் ஆப்பம் இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. சாக்லேட் முயல்களும் பொம்மைகளும் மட்டுமே நிறைந்த கூடைகளைக் காணும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒறுத்தலையும் அதன் நிறைவையும் அவற்றில் காண முடிவதில்லை.

உண்ணும் நேரத்தைப் பொறுத்தவரை, பெரிய வெள்ளியின் சுத்தபோசனத்தை, அதாவது இறைச்சி தவிர்ப்பதை, சனிக்கிழமை திருவிழிப்பு வரை நீட்டிக்குமாறு போலந்துத் திருச்சபை பரிந்துரைக்கிறது. திருவிழிப்போடு உயிர்ப்பு விழா தொடங்கிவிடுவதால், அதன்பின் உண்பது குற்றமாகாது. ஆயினும் ஞாயிறு அதிகாலையில் நற்கருணைப் பவனியுடன் நடைபெறும் 'ரெசுரெக்ட்சியா' என்னும் உயிர்ப்புத் திருப்பலிக்குச் சென்று வந்து, மந்திரித்த முட்டையைத் துண்டுகளாக்கி ஒருவருக்கொருவர் வாழ்த்துக் கூறிப் பகிர்ந்துகொள்வதே இங்குள்ள குடும்பங்களின் மரபு. அழைத்த அம்மாவின் வீட்டில் அந்தக் காலை உணவுக்கும் இடம் இருக்குமானால், அதுவரை பொறுத்திருப்பது நல்லது.

மறுமொழி 3:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மந்திரித்த முட்டையின் ஓட்டையும் அப்பத் துணுக்குகளையும் குப்பையில் போடாமல், தோட்டத்து மண்ணில் புதைப்பதோ எரித்துவிடுவதோ இங்குள்ள பெரியவர்களின் பழக்கம். ஆதலால் முட்டைகளை முன்னதாகவே வேகவைத்து, ஓடு உரிக்காமல் வையுங்கள். ஆசி வழங்கும் நேரங்களைப் பங்கு ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே ஒட்டியிருப்பார்கள். பெரிய ஆலயங்களில் பகல் முழுவதும் குறித்த இடைவெளியில் ஆசி நடைபெறுவதால், கூட்டம் குறைந்த காலை வேளையைத் தேர்ந்துகொள்ளலாம்.