பிளைவீல்: ‘பறக்கும் சில்லு’ வேண்டாம்

வணக்கம் ஐயா, கலைச்சொற்கள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் கீழே.

> பிளைவீல் = பறக்கும் சில்லு; அது உடைவது = பறக்கும் சில்லுப் பழுது. சரிதானா?

முதலாவதை ஏற்க மனம் வரவில்லை. உடைந்து பறப்பதுதான் இங்கே ஆபத்து; பெயரிலேயே பறத்தல் இருந்தால் எச்சரிக்கை வாசகம் குழம்பிவிடும். எரிபொருள் ஒருமுறை எரிந்து தள்ளியதற்கும் மறுமுறை தள்ளுவதற்கும் இடையே எஞ்சினைச் சீராகச் சுழல வைப்பது இந்தக் கனத்த சில்லின் சடத்துவம், அதாவது சுழல்வதைத் தொடரும் இயல்பு. அந்தச் சொல் நம் பாடநூல்களில் இருக்கிறது. ஆகவே ‘சடத்துவச் சில்லு’.

‘பழுது’ இன்னும் மோசம். பழுதென்றால் கராஜில் விட்டுத் திருத்தலாம் என்றாகிவிடும். 280 மி.மீ. விட்டமுள்ள சில்லு நிமிடத்துக்கு 7000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 370 கி.மீ. வேகத்தில் போகிறது. தெறிக்கும் துண்டு அலுமினியக் கிளச் கூட்டைப் பிளந்துவிடும். பின்சில்லு இழுக்கும் கார்களில் அதற்குப் பக்கத்திலேயே ஓட்டுநரின் பாதம். எனவே ‘சிதறல்’.

காரணத்தையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். பாரம் குறைக்க வார்ப்பிரும்புச் சில்லை லேத்தில் கடைந்து துளையும் போடுகிறார்கள். துளை ஓரத்தில் தகைப்பு (உலோகத்தைப் பிய்க்கும் உள்விசை) மூன்று மடங்குவரை ஏறும். இறம்பொடை ஏற்றத்தில் கிளச்சை அரைவாசி மிதித்தே வண்டியைப் பிடித்து வைத்தால் சில்லின் உராயும் முகத்தில் நீலத் தழும்பு விழுந்து, மயிரிழை வெடிப்பு தொடங்கும். நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் போன்றவற்றில் கியர் தவறுவதுதான் கடைசி அடி: 3இல் 6500 சுற்றில் இருந்து 4க்குப் போக வேண்டியது 2இல் விழுந்தால், 3, 2ஆம் கியர் விகிதங்கள் முறையே 1.3, 1.9 எனில் 9500 சுற்று. சுழற்சி ஒன்றரை மடங்கைத் தொடவில்லை, தகைப்போ இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். எஞ்சின் எல்லை மீறிச் சுழலாமல் காக்கும் சுற்று வரம்பி எரிபொருளையோ தீப்பொறியையோ மட்டுமே வெட்டும். தெருவில் உருளும் டயர்ச் சில்லுகள் எஞ்சினைச் சுழற்றுவதை அது தடுக்காது. எஞ்சின் இப்படி எல்லை மீறிச் சுழல்வதை ‘மிகைச்சுழற்சி’ என்பேன்.

> சோதனை முறையையும் எழுதுங்கள்.

கழற்றி எண்ணெய் போகக் கழுவி, சிவப்புச் சாயம் பூசிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, வெள்ளைப் பூச்சுத் தெளிக்க வேண்டும். போல்ட் துளையைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஊறினால் அந்தச் சில்லு பழைய இரும்புக்குத்தான். ஒட்டவைக்கவே கூடாது. பந்தயத்துக்கு எஸ்எஃப்ஐ 1.1 என்ற அமெரிக்கப் பந்தயப் பாதுகாப்புத் தர முத்திரையுள்ள உருக்குச் சில்லே வேண்டும், போல்ட்டும் புதிது.

——

தம்பி, ‘சிதறல்’, ‘மிகைச்சுழற்சி’ இரண்டும் சரி. ஆனால் ‘சில்லுச் சிதறல்’ என்று சுருக்காதீர்கள்: கராஜில் சில்லென்றால் டயர் பூட்டும் சில்லு, வீட்டில் உடைந்த ஓட்டுத் துண்டும் சில்லு. ‘சடத்துவச் சில்லுச் சிதறல்’ என்று முழுதாகவே இருக்கட்டும். கிளச் கூட்டுக்கு மேல் போடும் உருக்குக் கவசத்துக்கு ‘சிதறல் காப்புறை’ என்று போட்டுவிடுகிறேன்.