சருகு மாதிரி இருந்தது, விரித்தால் ஆரஞ்சு. இது என்ன பூச்சி?

தாண்டிக்குடிக்காரன்:
தாண்டிக்குடிக்குக் கீழே எங்கள் காப்பித் தோட்டம். ஊடே இருபது கமலா ஆரஞ்சு மரம், ஓரத்தில் சோலை. நேற்று களை எடுக்கும்போது ஒரு காய்ந்த இலையை ஒதுக்கப் போனேன், இலை நகர்ந்தது! பழுப்பு நிறம், நடுநரம்பு போல ஒரு கோடு, அங்கங்கே பாசிப் பச்சை. விரல் பட்டதும் மேல்சிறகை விலக்கியது. உள்ளே பளீரென்று மஞ்சள் கலந்த ஆரஞ்சு, அதில் காற்புள்ளி போட்ட மாதிரி கறுப்பு. உள்ளங்கை அகலம் இருக்கும். படம் எடுப்பதற்குள் பறந்துவிட்டது. யாருக்காவது தெரியுமா?

விட்டில்பித்தன்:
அந்தக் காற்புள்ளியே போதும் அண்ணா. யூடோசிமா ஃபலோனியா, பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. இதன் பங்காளி மேட்டர்னாவுக்கு அதே இடத்தில் வட்டப் பொட்டு இருக்கும். பழத்தில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை பார்த்தீர்களா? பக்கத்தில் சீந்தில் கொடி உண்டா?

தாண்டிக்குடிக்காரன்:
இரண்டும் உண்டு தம்பி! ஓட்டையைச் சுற்றி வட்டமாகப் பழுத்து அழுகி, பழம் உதிர்கிறது. பழ ஈ என்றே நினைத்திருந்தேன். சீந்தில், மிளகு ஏற்றிய கல்யாண முருங்கையில் படர்ந்திருக்கிறது. போன மாதம் அதில் வெல்வெட் போலக் கறுப்பாக ஒரு புழு. பக்கத்துக்கு இரண்டு கண், தலையை மடக்கி, வாலைத் தூக்கி நின்றது. மகள் பாம்புக்குட்டி என்று அலறிவிட்டாள். அதுவும் இதுதானா?

விட்டில்பித்தன்:
அதேதான். அவை கண்ணல்ல, பறவையை மிரட்டும் பொட்டு. சீந்தில் இலையில் முட்டை, மூன்று நாலு நாளில் பொரியும். புழு இரண்டு மூன்று வாரம் தின்னும், பிறகு இலைகளைப் பட்டுநூலால் சேர்த்துக்கட்டி உள்ளே கூட்டுப்புழு. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்து. பசிபிக் தீவுகளில் கல்யாண முருங்கை இலையையும் தின்னும், நம் பக்கம் சீந்தில் வகைக் கொடிகள்தான். புழு ஆரஞ்சைத் தொடாது. அந்தின் உறிஞ்சுகுழல் நுனிதான் அரம் போல முள்ளோடு இருக்கும், தோலையே துளைக்கும்.

மலையக்கா:
மருந்தடித்துப் பயனில்லை தம்பி, அது சோலையிலிருந்து ராத்திரி மட்டும் வந்து போவது. இருட்டியதும் டார்ச் அடித்துப் பாருங்கள், கண் தணலாக மின்னும், கையாலேயே பிடிக்கலாம். உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிப் புதையுங்கள்.

விட்டில்பித்தன்:
தோட்டத்துக்குள் இருக்கும் சீந்திலையும் எடுத்துவிடுங்கள்.

தாண்டிக்குடிக்காரன்:
முருங்கையில் இருப்பதை மட்டும் எடுக்கிறேன். சோலைக்குள் இருப்பதில் கை வைக்க மனசு வரவில்லை, அம்மா காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தது அந்தத் தண்டில்தான். கைக்கெட்டும் பழங்களுக்குத் துணிப்பை கட்டியாயிற்று. இன்று ஒரு புழு கிடைத்தது. சீந்தில் இலையோடு பாட்டிலில் போட்டு, வாயில் வலைத்துணி கட்டியிருக்கிறேன். மகள் நாட்காட்டியில் தேதி குறித்துவிட்டாள்.