நெப்ராஸ்காவில் அதிபர் தேர்தல்: உள்ளே எப்படி நடக்குது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்

சமவெளிக்காரன்

டிவி வரைபடத்தில் வாக்குப்பதிவு முடிந்த கொஞ்ச நேரத்திலேயே நெப்ராஸ்காவைச் சிவப்பாக்கிவிட்டு (குடியரசுக் கட்சியின் நிறம்; ஜனநாயகக் கட்சிக்கு நீலம்) அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுவார்கள். 1964-ல் லிண்டன் ஜான்சனுக்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்காரர் யாரும் மாநில அளவில் இங்கே ஜெயித்ததில்லை. அதனால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இங்கே இருக்கிற ஐந்து தேர்வாளர் ஓட்டும் (அதிபரை முடிவு செய்ய மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிற ஓட்டு) ஒரே மூட்டையாகப் போவதில்லை. மாநில மொத்தத்தில் முந்துகிறவருக்கு 2, மூன்று காங்கிரஸ் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முந்துகிறவருக்குத் தலா 1. 1991-ல் சட்டம் வந்து 1992 தேர்தலிலிருந்து இதே முறைதான். இப்படிப் பிரிக்கும் இன்னொரு மாநிலம் மெய்ன் மட்டும்.

ஒமாஹா நகரம் இருக்கிற 2-வது தொகுதிதான் எல்லா ரகளைக்கும் காரணம். 2008-ல் ஒபாமா, 2012-ல் ராம்னி, 2016-ல் டிரம்ப், 2020-ல் பைடன், 2024-ல் ஹாரிஸ் என்று கைமாறியிருக்கிறது. மற்ற இரண்டு தொகுதிகளில் அசைவே இல்லை. சாவடி நடைமுறை, தபால் ஓட்டு, எண்ணிக்கை என எது தெரிந்தாலும் இங்கே போடுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

மணல்மேடு

மேற்குப் பக்கம் பற்றி நான் சொல்கிறேன். செர்ரி கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மட்டும் கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. ஆள் ஆறாயிரத்துக்கும் கீழே. ஆர்தர், மெக்பெர்சன் மாதிரி கவுண்டிகளில் ஐந்நூறு பேர்கூடக் கிடையாது. 2020-ல் மொத்தம் 93 கவுண்டிகளில் பைடன் ஜெயித்தது டக்ளஸ் (ஒமாஹா), லான்காஸ்டர் (லிங்கன்) இரண்டில்தான்.

பொருளாதாரக் கணக்கை மட்டும் வைத்து இந்த ஓட்டைப் புரிந்துகொள்ளப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். டிரம்பின் 2018 வர்த்தகச் சண்டையில் அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. விலை விழுந்தது. வாஷிங்டனிலிருந்து விவசாயிகளுக்கு ஈட்டுத்தொகை வந்தது. அப்படியும் 2020-ல் டிரம்ப் இங்கே வாங்கியது 58 சதவீதம். நிலவரி, கருக்கலைப்பு, துப்பாக்கி, 'எங்கள் தண்ணீரையும் மாட்டையும் பற்றி வெளியூர்க்காரன் சட்டம் போடாதே' என்கிற எண்ணம், இதெல்லாம் சேர்ந்து இறுகிய ஓட்டு அது. ஒரு வருஷ விலைச்சரிவு அதை அசைக்காது என்பது என் கருத்து.

இன்னொன்று: மாநிலத்துக்குள்ளேயே இரண்டு நேர மண்டலம். கிழக்கே காலை 8 முதல் இரவு 8 வரை, மேற்கே 7 முதல் 7 வரை. எல்லாச் சாவடியும் ஒரே நொடியில் மூடும். மேற்கே இருப்பவர்கள் ஒமாஹா ரேடியோவைக் கேட்டுவிட்டு '8 மணி வரை இருக்கு' என்று நினைத்தால் போச்சு.

பெயர்ப்பட்டியல்

சாவடி நடைமுறை. புதிதாகக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கு இது முக்கியம்.

2022-ல் மக்கள் வாக்கெடுப்பில் கேட்டு வாங்கிய போட்டோ அடையாள விதி 2024-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், மாநில அடையாள அட்டை, ராணுவ அட்டை, பழங்குடி அட்டை, நெப்ராஸ்கா கல்லூரி அட்டை எல்லாம் செல்லும். பெயரும் படமும் இருந்தால் காலாவதியானதும் செல்லும். அட்டையில் பழைய வீட்டு முகவரி இருந்தாலும் பரவாயில்லை. அட்டையே இல்லையென்றால் திருப்பி அனுப்ப மாட்டார்கள். தற்காலிக வாக்குச்சீட்டு தருவார்கள். அடுத்த செவ்வாய்க்குள் கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் அட்டையைக் காட்டினால் அது எண்ணப்படும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: ஓட்டுப் போட்டாயிற்று என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அட்டை காட்டப் போவதில்லை, உறை பிரிக்கப்படாமலே கிடக்கிறது.

பட்டியல் குடும்பப்பெயர் அகரவரிசையில் இருக்கும். நம்மவர்களுக்கு அப்பா பெயர் குடும்பப்பெயராகப் போயிருக்கும், அல்லது பாஸ்போர்ட் ஒரு மாதிரி, லைசென்ஸ் ஒரு மாதிரி இருக்கும். மேசையில் சொந்தப் பெயரைச் சொன்னால் 'பட்டியலில் இல்லை' என்பார்கள். பதறாமல் அப்பா பெயரில் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்தே மாநிலத் தேர்தல் தளத்தில் பதிவு எந்தப் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போனால் இந்தத் தொல்லையே இல்லை.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லைசென்ஸ் எடுக்கும் இடத்திலேயே வாக்காளர் பதிவும் நடக்கும். கேட்டதற்கெல்லாம் 'யெஸ்' அடித்துக்கொண்டே போய்க் குடிமகன் என்று ஒப்புக்கொண்டால் பிற்பாடு குடியுரிமை விண்ணப்பமும் போகும், நாட்டைவிட்டே அனுப்பப்படும் ஆபத்தும் உண்டு. குடியுரிமைப் பிரமாணம் எடுத்த பிறகு பதிவு செய்யுங்கள், ஒரு நாள் முன்னாலும் வேண்டாம்.

தபால்பெட்டி

பதிவுக்கு இரண்டு கெடு. ஆன்லைன், தபால் என்றால் தேர்தலுக்கு முந்தைய மூன்றாவது வெள்ளி. நேரில் என்றால் இரண்டாவது வெள்ளி மாலை 6 மணி. 2024-ல் அது அக்டோபர் 18, 25. தேர்தல் நாளன்று போய்ப் பதிவு செய்ய முடியாது. (வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்பதே கிடையாது. அமெரிக்காவிலேயே அந்த ஒரு மாநிலம்தான் அப்படி.)

தபால் ஓட்டுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தில் லைசென்ஸ் எண் எழுத வேண்டும், அல்லது அட்டையின் நகலை வைக்க வேண்டும். ஜனத்தொகை 10,000-க்குக் கீழே உள்ள கவுண்டிகள் அனுமதி வாங்கி முழுக்கத் தபாலிலேயே தேர்தல் நடத்தலாம். சாவடிக்கு ஐம்பது மைல் வண்டி ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். 'பழமைவாத மாநிலம், தபால் ஓட்டை எதிர்க்கும்' என்று தூரத்திலிருந்து பேசுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கெடுவது எங்கே? முதலாவது, உறையின் வெளியே கையெழுத்துப் போட மறப்பது. இரண்டாவது, தபால் முத்திரைத் தேதியை நம்புவது. நெப்ராஸ்காவில் முத்திரைக்கு மதிப்பில்லை. சாவடி மூடுவதற்குள் உறை தேர்தல் அலுவலகம் வந்து சேர வேண்டும். கடைசி வாரம் ஆகிவிட்டால் தபாலில் போடாதீர்கள், அலுவலகத்தின் பெட்டியில் நேரே கொண்டுபோய்ப் போடுங்கள்.

கறுப்புமை

எல்லோரும் அதிபர் வரியோடு நின்றுவிடுகிறீர்கள். சீட்டு அங்கிருந்துதானே ஆரம்பம்! இது காகிதச் சீட்டு, நீள்வட்டத்தை மையால் நிரப்ப வேண்டும். பின்பக்கமும் இருக்கும். மாநில சட்டமன்றத்துக்கு ஒரே அவை, 49 பேர். சீட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கட்சி போட்டிருக்காது. அப்புறம் நீதிபதி தொடரலாமா வேண்டாமா என்ற கேள்வி, இயற்கை வள மாவட்ட வாரியம், பள்ளி வாரியம், மின்சார வாரிய இயக்குநர். ஆமாம், மின்சாரமும் ஓட்டில்தான். மாநிலம் முழுக்கப் பொதுத்துறை மின்சாரம் உள்ள ஒரே மாநிலம் இது. 'தனியார் வந்தால் நல்லது' என்று பேசும் ஊர்க்காரர்களே இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

2024 சீட்டைப் பாருங்கள். அதிபர் வரியில் டிரம்ப் ஏறக்குறைய 20 புள்ளி முன்னிலை. அதற்குக் கீழே செனட் வரியில் எந்தக் கட்சியும் சாராத டான் ஆஸ்பர்ன் என்கிற தொழிற்சங்கக்காரர் 46 சதவீதத்துக்கு மேல் வாங்கினார், குடியரசுக் கட்சியின் டெப் ஃபிஷர் 53-ல் தப்பினார். இன்னும் கீழே, மக்களிடம் நேரடியாகக் கேட்ட கேள்விகளில் சம்பளத்தோடு நோய் விடுப்பு ஜெயித்தது. மருத்துவக் கஞ்சா சுமார் 71 சதவீதத்தில் ஜெயித்தது. தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் கொடுக்கும் சட்டத்தையும் தூக்கினார்கள். கருக்கலைப்புக்கு மட்டும் எதிரெதிராக இரண்டு கேள்வி ஒரே சீட்டில்: கட்டுப்படுத்துவது ஜெயித்தது, உரிமை தருவது சிறு வித்தியாசத்தில் தோற்றது. கஞ்சாவுக்கு 'சரி' போட்ட பேனாவேதான் டிரம்புக்கும் நீள்வட்டத்தை நிரப்பியிருக்கிறது. இவர்கள் கொள்கைப்படி ஓட்டுப் போடுகிறார்கள், அதிபர் வரியில் மட்டும் கட்சிப்படி போடுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

மணல்மேடு

கறுப்புமை சார், பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்பர்ன் பெயருக்குப் பக்கத்தில் 'ஜனநாயகக் கட்சி' என்று போட்டிருந்தால் அந்த 46 வந்திருக்குமா? அந்தக் கட்சி அங்கே ஆளே நிறுத்தவில்லை.

கறுப்புமை

வந்திருக்காது. நான் சொன்னதும் அதுதானே!

சமவெளிக்காரன்

எண்ணிக்கை இரவு பற்றி ஒன்று. முன்கூட்டி வந்த ஓட்டுகளைத்தான் முதலில் வெளியிடுவார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான் அதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். அதனால் முதல் எண்கள் நீலமாகத் தெரியும், சாவடி ஓட்டு வரவரச் சிவப்பாகும். இதை 'மோசடி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது. எண்ணும் வரிசைதான் காரணம், வேறொன்றுமில்லை.

2024-ல் 2-வது தொகுதியின் அந்த ஒரு ஓட்டு ஏன் அவ்வளவு பெரிதானது என்றால்: ஹாரிஸ் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றையும் எடுத்துத் தெற்கு, மேற்குப் போட்டி மாநிலங்களை இழந்தால், ஒமாஹாவோடு ஜெயிக்கத் தேவையான 270. ஒமாஹா இல்லாவிட்டால் 269–269 சமநிலை. அதனால்தான் செப்டம்பரில் குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சி கிரஹாம் மாநிலத் தலைநகர் லிங்கனுக்கே வந்து, ஓட்டைப் பிரிக்கும் சட்டத்தை மாற்றப் பேசினார். இடைமறிப்பை (பேசிப் பேசியே மசோதாவைத் தடுப்பதை) முறிக்க 49-ல் 33 பேர் வேண்டும். சில மாதங்களுக்கு முன்தான் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்குத் தாவிய ஒமாஹாவின் மைக் மெக்டொனல் முடியாது என்றார், கதை முடிந்தது. வீட்டு முற்றங்களில் வெள்ளைப் பலகையில் எழுத்தே இல்லாமல் ஒரு நீல வட்டம் மட்டும் வரைந்து நட்டிருந்தார்கள்; சிவப்பு மாநிலத்துக்குள் இந்தத் தொகுதி ஒரு 'நீலப் புள்ளி' என்று அர்த்தம். கடைசியில் ஹாரிஸ் அந்த ஓட்டை எடுத்தார், நாடு முழுவதும் சேர்த்து 226-தான் வந்தது. 2025-லும் மாற்றப் பார்த்தார்கள், 33 கிடைக்கவில்லை.

புதுக்குடி

ஐயா, சின்னக் கேள்வி. சார்ப்பி கவுண்டியில் வீடு பார்க்கிறோம். எங்கள் ஓட்டு 'நீலப் புள்ளி'யில் சேருமா?

பெயர்ப்பட்டியல்

வீடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது தம்பி. 2021 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு 2-வது தொகுதி என்பது டக்ளஸ், சாண்டர்ஸ், அதோடு சார்ப்பியின் மேற்குப் பகுதி. கிழக்கே பெல்வியூ பக்கம் 1-வது தொகுதி. புரோக்கர் சொல்வதை நம்பாதீர்கள், தெருவுக்குத் தெரு மாறும். முகவரியை மாநிலத் தேர்தல் தளத்தில் போட்டுப் பாருங்கள். குடி போனதும் முகவரி மாற்றமும் அந்த இரண்டு வெள்ளிக்கிழமைக் கெடுவுக்குள் முடித்துவிடுங்கள்.