சூனியக்காரியை எரிக்காத கரை, பெண்ணை விட்டுவைத்ததா?

கரைவலை (மண்டபம்):
நேராகக் கேட்கிறேன். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று சொல்லி ஆயிரக்கணக்கான பெண்களைக் கொன்றார்கள். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கரையில் ஒரு பெண்ணையாவது ஊர் கூடி எரித்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? நம்மிடம் செய்வினை வைப்பவன் மந்திரவாதி, ஆண். அதை எடுப்பவன் கோடாங்கி, அவனும் ஆண். பெண் தெய்வமாக அல்லவா வருகிறாள்? கணவன் கையால் செத்த நீலிக்கும் இசக்கிக்கும் கோயில் கட்டியவர்கள் நாம். பாம்பன் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். யாத்திரிகர்களிடம் படகுக்கூலி வசூலித்த குற்றத்துக்காக மருமகனைச் சேதுபதி கொன்றார், அவருடைய மனைவியரான அரசரின் மகள்கள் இருவரும் தீப்பாய்ந்தார்கள், அவர்கள் நினைவாகத்தான் அக்காள்மடமும் தங்கச்சிமடமும் எழுந்தன என்று ஊரில் சொல்கிறார்கள். இரண்டு பெண்களுக்காக இரண்டு ஊர். எந்த நாட்டில் இப்படி இருக்கிறது? நாட்டார் மரபைப் பெண்ணுக்கு எதிரி என்று பேசுபவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மரிக்கொழுந்து (பாம்பன்):
பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, அண்ணன். நீலி செத்தவள். இசக்கி செத்தவள். மடங்களுக்குப் பெயர் தந்த அக்காளும் தங்கச்சியும் செத்தவர்கள். உயிரோடு இருந்து மரியாதை வாங்கிய ஒருத்தியைக் காட்டுங்கள்.

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பெண்கள் பாசி எடுக்கிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்குகிறவர்கள். அந்தப் பெண் விதவையாகிவிட்டால், படகு இறங்கும் நேரத்தில் கரைப்பக்கம் வரக்கூடாது. வலையைத் தாண்டினால் தீட்டு. தொடர்ந்து சில நாள் மீன் படவில்லை என்றால், விடியற்காலையில் எதிரே வந்தவள் யார் என்று விசாரணை நடக்கும். கருவாடு விற்கும் ஒரு கிழவியை எங்கள் ஊரில் 'அவள் கண் பொல்லாதது' என்று சொல்லி, கூடையோடு சுற்றுவழியில் போக வைத்திருக்கிறார்கள். எரிக்கவில்லைதான். எரிக்காமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

ஏட்டுச்சுவடி (இராமநாதபுரம்):
விவாதம் சூடேறுவதற்கு முன் ஐரோப்பாவைப் பற்றிய தகவல்களைச் சரியாக வைத்துக்கொள்வோம். கொல்லப்பட்டவர்கள் நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் வரை இருக்கலாம் என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். லட்சக்கணக்கில் என்பது பழைய மிகை. ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். ஐஸ்லாந்து போன்ற சில இடங்களில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இங்கிலாந்தில் எரிக்கவில்லை, தூக்கிலிட்டார்கள். அமெரிக்காவின் சேலத்தில் 1692-இல் தூக்கிலிடப்பட்டவர்கள் 19 பேர். இன்னொரு முதியவரைக் கல் அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள்.

இது இருண்ட காலத்துக் காட்டுமிராண்டித்தனம் என்பதும் தவறு. உச்சம் 1560-க்கும் 1630-க்கும் இடையில். அச்சகம் வந்துவிட்டது, பல்கலைக்கழகங்கள் இருந்தன, விளைச்சல் பொய்த்துக் குளிர் வாட்டிய ஆண்டுகள் அவை. சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்க நீதிமன்றம் அனுமதித்த இடங்களில்தான் எண்ணிக்கை ஏறியது. ஒருத்தியை வதைத்தால் பத்துப் பேர் பெயரைச் சொல்வாள் அல்லவா?

ஒரு கிளைக்கதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்ப்ருக் நகரில் 1485-இல் ஹைன்ரிக் கிராமர் என்ற துறவி சூனிய விசாரணை நடத்தினார். ஹெலனா ஷாய்பரின் என்ற பெண் அவர் முகத்துக்கு நேரே சாபமிட்டவள், அவருடைய பிரசங்கத்துக்கே போகாதவள். அவள் மீது வழக்கு. அது நிற்கவில்லை. பிஷப்பே கிராமரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். போனவர் அடுத்து எழுதியதுதான் 'மல்லியஸ் மலெஃபிகாரம்'. சூனியக்காரிகளைப் பிடிப்பது எப்படி, பெண்கள் ஏன் அதற்கு எளிதில் இரையாகிறார்கள் என்றெல்லாம் விளக்கும் கையேடு. ஒரு பெண்ணிடம் தோற்றவரின் வன்மம் அதன் பக்கங்களில் இருக்கிறது என்பது என் கருத்து.

உப்புக்காற்று (தங்கச்சிமடம்):
அந்த வன்மத்துக்கு நம்மூரிலும் ஒரு சாட்சி சொல்கிறேன், ஐயா. சேலத்தில் கடைசித் தூக்கு 1692 செப்டம்பர் 22. அதற்கு ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் அருளானந்தர் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோவின் தலை துண்டிக்கப்பட்டது. மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் அவரால் கிறிஸ்தவரானார், முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் போய் முறையிட்டாள். இன்றும் இந்தக் கதையைச் சொல்பவர்கள் 'ஒரு பெண்ணின் கோபத்தால்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரே நாளில் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவளுக்குக் கோபம் வராமல் என்ன வரும்? அரசியல் காரணங்கள் எத்தனையோ இருந்தன. கதைக்கு ஒரு பெண் போதுமானதாக இருக்கிறது.

கரைவலை:
தம்பி ஓரியூர் வரை போய்விட்டார், நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. மரிக்கொழுந்து சொல்லும் சகுனம், தீட்டு எல்லாம் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் அவை வேறு, சூனியக்காரி என்று ஒருத்தியைக் கொல்வது வேறு. இன்னொன்றையும் பாருங்கள். பேய் பிடித்தவள் என்று நாம் சொல்லும் பெண், பேய் வந்த நேரத்தில் என்னவெல்லாம் பேசுகிறாள்! மாமியாரை ஒருமையில் அழைக்கிறாள், புருஷனைக் கன்னத்தில் அறைகிறாள், கறிச்சோறு கேட்கிறாள், புதுச் சேலை கேட்கிறாள். ஊர் கைகட்டி நின்று கேட்கிறது. கோடாங்கி உடுக்கையை அடித்துக்கொண்டு 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கிறான். அதற்கு முன் அந்த வீட்டில் அவளிடம் அப்படிக் கேட்டவர் உண்டா? அவளுக்குக் கிடைத்த ஒரே வழக்காடு மன்றம் அது. நீலி கதையும் அதுதான். பழையனூரில் அவள் வழக்கை எழுபது வேளாளர் உட்கார்ந்து கேட்டார்கள், அவள் தன் கணவன் என்று காட்டிய வணிகனின் உயிருக்குப் பிணையாகக் கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்கினார்கள்.

மரிக்கொழுந்து:
புதுச் சேலை கேட்கிறாள், சரி. கோடாங்கி அவள் உச்சிமயிரைப் பிடித்துச் சுழற்றி, புளியமரத்தில் வைத்து ஆணியடிக்கிறான், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வேப்பங்குழையால் அடிக்கும்போது அவள் பேசுவது வாக்குமூலமா? ஏட்டுச்சுவடி ஐயா மேலே சொன்ன சித்திரவதை வாக்குமூலத்துக்கும் இதற்கும் எத்தனை முழம் தூரம்?

பேய் போன மறுநாள் அவள் அதே அடுப்படிக்குத்தான் போகிறாள். மாமியார் அதே மாமியார். அவள் சொன்னதையெல்லாம் சொன்னது பேய் என்றாகிவிடுகிறது, ஆகவே ஒன்றையும் யாரும் திருத்த வேண்டியதில்லை. நீங்கள் மன்றம் என்கிறீர்கள். தீர்ப்பு வராத மன்றம்.

ஏட்டுச்சுவடி:
இருவருக்கும் நம் பழைய இலக்கியத்தில் ஆதாரம் இருக்கிறது. முதலில் சங்கப் பாடல்கள். மகள் மெலிகிறாள், தாய் முருகன் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் கழங்குக் காய் போட்டுக் குறி பார்த்து 'முருகு அணங்கியது', அதாவது முருகன் பிடித்திருக்கிறான் என்கிறான், ஆட்டுக்குட்டியை அறுக்கிறான், சாமியாடி வெறியாட்டு நடத்துகிறான். மகளுக்கு உண்மையில் இருப்பது காதல். தோழிக்குத் தெரியும், படிப்பவருக்கும் தெரியும், வேலனுக்கு மட்டும் தெரியாது. நற்றிணை 34-இல் தோழி முருகனையே கடிந்துகொள்கிறாள்: இது உன்னால் வந்ததில்லை என்று அறிந்தும் வெறியாட்டுக்கு வந்து நிற்கிறாயே, நீ கடவுளே ஆனாலும் ஆகுக, அறிவில்லாதவன்தான் என்று. பெண்ணுக்குப் பேய் பிடித்தது என்ற முடிவை நம் இலக்கியம் அப்போதே கிண்டல் செய்திருக்கிறது. குறி சொல்லும் பெண்ணும் அங்கே உண்டு. குறுந்தொகை 23-இல் அகவன் மகளிடம் தோழி, தலைவனின் குன்றத்தை மீண்டும் பாடச் சொல்கிறாள். குறிகாரியின் பாட்டு வழியாகவே தாய்க்குச் செய்தி போய்விடுகிறது. பெண்கள் இந்தச் சடங்கைக் கையாளத் தெரிந்தவர்கள். கரைவலை சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

காரைக்கால் அம்மையார் கதையோ மரிக்கொழுந்துவின் பக்கம். மாங்கனி அற்புதத்தைப் பார்த்த கணவன் பரமதத்தன் பயந்து கப்பலேறினான். பாண்டி நாட்டுப் பட்டினம் ஒன்றில் குடியமர்ந்து வேறு மணம் செய்துகொண்டான், பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று முதல் மனைவியின் பெயரையே வைத்தான். உறவினர்கள் முதல் மனைவியை அழைத்து வந்தபோது காலில் விழுந்தான். கும்பிட்டானே தவிர, சேர்ந்து வாழவில்லை. அதன்பிறகுதான் அவர் பேயுருவை வேண்டிப் பெறுகிறார்.

தாழம்பூ (கீழக்கரை):
இலக்கியம் நல்லது. நான் செவிலியர், என் பக்கத்து ஏர்வாடியைப் பற்றிப் பேசுகிறேன். தர்காவுக்கு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் வருகிறார்கள். தலைமுடி அவிழ்ந்து, தூணைப் பிடித்துக்கொண்டு தலையைச் சுழற்றும் பெண்களை அங்கே பார்க்காதவர் நம் மாவட்டத்தில் குறைவு. கனவில் உத்தரவு வரும்வரை மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன். வீட்டில் இருப்பதைவிட அங்கே நிம்மதி என்று சொன்ன பெண்களை எனக்குத் தெரியும்.

ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஐ எப்படி மறப்பது? அதே ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். கரைவலை காக்கா, நம் கரையில் யாரும் எரியவில்லை என்று எழுதும் முன் இதை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

கரைவலை:
லாத்தா, அது காசுக்காகக் கொட்டகை போட்டவர்கள் செய்த கொடுமை. அதை நாட்டார் மரபின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

தாழம்பூ:
கொட்டகை போட்டவரின் கணக்கில்தான் எழுதுகிறேன். ஆனால் 'இவளுக்குப் பேய்' என்று முதலில் சொல்லி அனுப்பிய வீடு எந்தக் கணக்கு? மருந்து வேண்டியவர்களைச் சங்கிலிக்கு அனுப்பிய வார்த்தை அது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. மருந்தும் துவாவும் (பிரார்த்தனையும்) சேர்ந்தே நடக்கட்டும் என்று ஏர்வாடியில் அரசுத் திட்டமும் வந்தது. எனக்கு அதில் முழு உடன்பாடு. தொழுகையை நிறுத்து என்றால் குடும்பமே எழுந்து போய்விடும். மாத்திரையையும் சேர்த்துக்கொள் என்றால் உட்காருவார்கள்.

உப்புக்காற்று:
அப்படியானால் தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் வேண்டாமா? பீகார் 1999-இலேயே சூனியக்காரி என்று முத்திரை குத்துவதற்கு எதிராகச் சட்டம் செய்தது. ஜார்க்கண்ட் 2001, சத்தீஸ்கர் 2005. மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு மகாராஷ்டிரம் மாந்திரீகத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஜார்க்கண்டில் சூனியக்காரி என்று வதைக்கப்பட்டு ஊரைவிட்டு ஓடிய சுட்னி மஹதோ, பின்பு தன்னைப் போன்றவர்களுக்காகப் போராடி 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். மரிக்கொழுந்து கேட்ட 'உயிரோடு மரியாதை வாங்கியவள்' அவர்தான். அதுவும் போராடி வாங்கியது. அந்த வழக்குகளைக் கிளறினால் பலவற்றில் நிலத்தகராறு தெரியும். விதவையின் வயல் வேண்டும், ஆகவே அவள் சூனியக்காரி.

ஏட்டுச்சுவடி:
நம் கரையில் அந்த வெறி எழாததற்கும் ஒரு காரணம் அங்கேயே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கரை எல்லோருக்கும் பொது. படகும் வலையும் ஆண்கள் பெயரில். கருவாட்டுக் கூடைக்காகக் கிழவியை யார் கொல்லப்போகிறார்கள்? ஒதுக்கி வைப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. நம் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ள நான் அவசரப்பட மாட்டேன்.

கரைவலை:
ஐயா, வயல் இல்லாததால்தான் கொல்லவில்லை என்கிறீர்களா? உள்நாட்டில் வயல் உண்டு, முதுகுளத்தூர்ப் பக்கம் கண்மாய்ப் பாசன நிலம் எவ்வளவு! அங்கேயும் இது இல்லையே. ஒரு மக்கள் கூட்டத்தின் மனத்தில் அம்மன் இருப்பதும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்ள ஏன் இத்தனை தயக்கம்?

தம்பிக்கு: சட்டம் வந்தால் பத்து ரூபாய்க்குத் திருநீறு கொடுக்கும் கோடாங்கி உள்ளே போவான். தொலைக்காட்சியில் தகடு விற்பவர் வெளியே இருப்பார்.

உப்புக்காற்று:
தகடு விற்பவருக்கும் சட்டம் இருக்கிறது, அண்ணன். மந்திரத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. புகார் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

மரிக்கொழுந்து:
கோடாங்கியை உள்ளே போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் பாட்டிக்கு மஞ்சள்காமாலை வந்தபோது தண்ணீர் ஓதிக் கொடுத்தவரும் ஒரு கோடாங்கிதான், உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவரும் அவரே. நான் கேட்பது சிறிய விஷயம். விதவை கரைக்கு வரக்கூடாது என்பது எந்தக் கோடாங்கியும் சொன்னதில்லை, ஊர்க்கூட்டம் சொன்னது. உங்கள் ஊர்க்கூட்டத்தில் நீங்கள் உட்காருகிறீர்கள், கரைவலை அண்ணன். எனக்கு எங்கள் ஊரில் அங்கே இடம் இல்லை. எழுந்து கேளுங்களேன், அம்மனைக் கும்பிடும் ஊரில் இந்த விதி எதற்கு என்று.

கரைவலை:
கேட்கிறேன். எங்கள் ஊரில் அந்த விதி பாதி தேய்ந்துவிட்டது, மீதியை எடுப்பது கடினமில்லை. ஆனால் நீலியை விட்டுக்கொடுக்க மாட்டேன். எழுபது பேர் தீயில் இறங்கியது ஒரு பெண் சொன்ன சொல்லுக்காக.

மரிக்கொழுந்து:
அவர்கள் கொடுத்த சொல்லுக்காக, அண்ணன். கதையை இன்னொரு முறை கேட்டுவிட்டு வாருங்கள்.