முப்பது நாளில் நாவல்: எழுத்தாளரின் உழைப்பை இது மலிவாக்குகிறதா?

கேள்வி:
1999இல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி 21 பேருடன் தொடங்கிய ‘நானோரைமோ’ என்னும் நாவல் எழுதும் சவால், பின்னர் நவம்பர் மாதத்துக்கு மாறி, 30 நாட்களில் 50,000 சொற்கள் என்னும் விதியோடு உலகெங்கும் பரவியது. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டாலும் அதே விதியைப் பின்பற்றி எழுதுவோர் இன்றும் இருக்கிறார்கள். எழுதியதை எவரும் படித்து மதிப்பிடுவதில்லை. எண்ணிக்கையை எட்டியவர் அனைவரும் வென்றவர்கள். ஒரே நாவலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டும் தொழில்முறை எழுத்தாளரின் உழைப்பை இது மலிவாக்கவில்லையா?

பதில் 1:
வேகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. 1866 நவம்பர் முதல் தேதிக்குள் புதிய நாவலைத் தராவிட்டால், தம் படைப்புகளை ஒன்பது ஆண்டுகளுக்கு ஊதியமின்றி வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும் என்ற ஒப்பந்தத்தில் சிக்கியிருந்த தஸ்தயேவ்ஸ்கி, ‘சூதாடி’யை 26 நாட்களில் சுருக்கெழுத்தாளர் அன்னாவிடம் வாய்மொழியாகச் சொல்லி முடித்தார். ஆனால் அந்த 26 நாட்களுக்குப் பின்னால் இருபது ஆண்டுகால எழுத்து இருந்தது. நாள்கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

பதில் 2:
கையெழுத்துப் படிகளைச் செம்மையாக்குவது என் வேலை என்பதால் அந்தக் கோணத்திலிருந்து சொல்கிறேன். எரின் மார்கன்ஸ்டெர்னின் ‘தி நைட் சர்க்கஸ்’ இந்தச் சவாலில்தான் முளைவிட்டது. ஆனால் எழுத்தாளருக்காகப் பதிப்பாளரை அணுகும் முகவர்களின் மறுப்புகளையும் முழுமையான திருத்தங்களையும் கடந்து 2011இல்தான் அது நூலானது. நவம்பரில் பிறப்பது பெரும்பாலும் வரைவுதான். அதைக் கிழித்து, பாதியை எறிந்து, மிச்சத்தைத் திரும்பக் கட்டுவதில்தான் தொழில் தொடங்குகிறது. அமைப்பாளர்களே ஜனவரி, பிப்ரவரி மாதங்களைத் திருத்தத்துக்கென ஒதுக்கியிருந்தார்கள். அதைப் பொருட்படுத்தாமல் டிசம்பரிலேயே முகவருக்கு அனுப்பிவைக்கிறவர்களைத்தான் (எல்லாத் துறையிலும் இத்தகையோர் உண்டு) நாம் சவாலின் முகமாகப் பார்க்கிறோம். தினமும் ஏறத்தாழ 1,667 சொற்கள் எழுத உட்கார்ந்து, இரண்டாம் வாரத்தில் கதை நகராமல் திணறிய ஒருவர், நாவல் எழுதுவது எளிது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு பக்கம்கூட எழுதிப் பார்க்காதவர்களே அப்படிச் சொல்கிறார்கள்.

பதில் 3:
இரண்டாம் பதிலோடு பெருமளவு உடன்படுகிறேன், ஆனால் அமைப்பை அவ்வளவு எளிதில் விட்டுவிட எனக்கு மனமில்லை. 2024 செப்டம்பரில், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதுவதை முற்றாக எதிர்ப்பதில் வர்க்கப் பாகுபாடும் உடற்குறை உள்ளோருக்கு எதிரான பாகுபாடும் கலந்திருக்கின்றன என்று அது அறிக்கை விட்டது. அதைக் கண்டித்து, அதன் ஆலோசனைக் குழுக்களில் இருந்த எழுத்தாளர்களே விலகினார்கள். வேலை முடிந்த பின் இரவில் கண்விழித்து மோசமான நாவலைத் தன் கையால் எழுதும் பயில்நிலை எழுத்தாளர், தொழில்முறை எழுத்தாளர் படும் பாட்டில் ஒரு பங்கையாவது படுகிறார். எண்ணிக்கை நிறைந்தால் போதும், எழுதியது யார் என்பது பொருட்டில்லை என்ற நிலைக்கு இடம் கொடுத்த அறிக்கையோ இருவரையும் சேர்த்தே சிறுமைப்படுத்தியது. கேள்வி கேட்டவரின் கோபம் அந்த அறிக்கையின் மீது திரும்பியிருந்தால் நானும் சேர்ந்து கோபப்பட்டிருப்பேன்.