நம்பாதவள் பார்த்த அற்புதம்

குழு: மயிலாடுதுறை வீடு
சனிக்கிழமை

அத்தை (காலை 7:40): மலர், உன் ஸ்டேட்டஸில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டிருக்கிறாய். சவப்பெட்டியில் ஒரு பெண் படுத்திருக்கிறாள். விடிந்ததும் விடியாததுமாக அதைப் பார்த்துப் பதறிப்போனேன். என்ன அது?

மலர் (7:52): பதறாதீர்கள் அத்தை. அது டென்மார்க் சினிமா. பெயர் ஓர்டெட், 1955-இல் வந்தது. கார்ல் டிரையர் இயக்கியது. நேற்று இரவு பார்த்தேன். இன்னும் அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. அந்தப் பெண் கடைசியில் உயிரோடு எழுந்துவிடுகிறாள்.

செந்தில் அண்ணன் (7:55): முடிவைச் சொல்லிவிட்டாயே!

மலர் (7:56): முடிவு தெரிந்துகொண்டே பார்க்கலாம் அண்ணா. எழுந்திருப்பாள் என்று எனக்கும் முன்பே தெரியும். தெரிந்தும் கை நடுங்கியது.

கதிர் (8:03): எழுந்துவிடுகிறாளா? எப்படி?

மலர் (8:05): கொழுந்தன் ஏசுவின் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுகிறான். எழுந்துவிடுகிறாள். வேறு எந்த விளக்கமும் படத்தில் கிடையாது.

கதிர் (8:11): நீ கோயில் வாசலைக்கூட மிதிப்பதில்லை. நம் ஊர்ப் பக்திப் படத்தில் இப்படி ஒரு காட்சி வந்தால் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போவாய். வெள்ளைக்காரர் எடுத்தால் மட்டும் அது கலையாகிவிடுமா?

மலர் (8:34): கேட்க வேண்டிய கேள்விதான் கதிர். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

படம் நடப்பது ஒரு பண்ணை வீட்டில். பெரியவர் மார்ட்டனுக்கு மூன்று மகன்கள். மூத்தவன் மிக்கெலுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. நடுவன் யோகன்னெஸ்தான் அவளைக் கூப்பிடுகிற கொழுந்தன். அவன் இறையியல் படித்துப் படித்துப் புத்தி பேதலித்து, தன்னையே ஏசு என்று நினைத்துக்கொண்டு திரிகிறான். கடைக்குட்டிக்குத் தையல்காரர் மகளைக் கட்ட ஆசை. இரண்டு குடும்பமும் கிறிஸ்தவர்கள்தான், சபைதான் வேறு. அதற்காகவே சம்பந்தம் வேண்டாம் என்று இரண்டு கிழவர்களும் முறைத்துக்கொள்கிறார்கள். படத்தில் பெரும்பகுதி இந்த வழக்குதான்: காபி குடிப்பார்கள், புகை பிடிப்பார்கள், மதத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள். அற்புதம் என்று ஒன்றும் நடக்காது.

இதற்கெல்லாம் நடுவில் மூத்த மருமகள் இங்கெர். மாமனாரைச் சமாதானம் செய்கிறாள், கடைசிக் கொழுந்தனின் கல்யாணத்துக்காகப் பரிந்து பேசுகிறாள், வயிற்றில் பிள்ளையோடு வீட்டு வேலை செய்கிறாள். நம்பிக்கை இல்லாத கணவனை அவள் ஒருநாளும் குத்திக்காட்டுவதில்லை, அவன் மனசு நல்லது என்கிறாள். படமும் அவனைக் கேவலப்படுத்துவதில்லை. நம் பக்திப் படங்களில் நாத்திகன் வந்தாலே அவனுக்கு ஒரு பாடம் புகட்டித்தானே அனுப்புவார்கள்? நான் எழுந்து போவது அந்த இடத்தில்தான்.

அத்தை (8:41): பிரசவத்தில் போய்விடுகிறாளா அவள்?

மலர் (8:47): ஆமாம் அத்தை. பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிடுகிறது. டாக்டர் அதைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நமக்கு எதையும் காட்டுவதில்லை. டாக்டரின் முகமும் அவள் முனகலும் மட்டும்தான். பிறகு மிக்கெல் வந்து, வாளியில் கிடக்கிறது என்று அப்பாவிடம் சொல்கிறான்.

இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் காரில் கிளம்புகிறார். காரின் விளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து சுவரில் ஊர்ந்து போகிறது. அதோ போகிறான் எமன் என்று யோகன்னெஸ் சொல்கிறான். அது வெறும் கார் வெளிச்சம் என்று நமக்குத் தெரியும். ஆனால் மிக்கெல் உள்ளே இருந்து வந்து அவள் இறந்துவிட்டாள் என்கிறான். எனக்கு அங்கே குளிர்ந்துபோயிற்று.

பெரியப்பா (9:20): படித்தேன் மலர். ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் பெரியம்மாவின் மூச்சு நின்ற பிறகும் நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நர்ஸ் வந்து என் கையைப் பிடித்து விலக்கினார். வைத்தியநாதனை வேண்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் திருநீறு பூசிக்கொண்டுதான் சுடுகாட்டுக்குப் போனேன். அதனால், கூப்பிட்டான், எழுந்து வந்தாள் என்று ஒருவர் படம் எடுத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நம்புகிற எனக்குக் கோபம் வருகிறது, நம்பாத உனக்கு அழுகை வருகிறது. இது என்ன கணக்கு?

மலர் (9:58): உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது பெரியப்பா. என் அழுகைக்கான காரணத்தையும் சொல்கிறேன்.

சவப்பெட்டியை மூடப் போகும்போது மிக்கெல் உடைந்து அழுகிறான். அவள் ஆன்மா கடவுளிடம் இருக்கிறது, உடல்தான் இங்கே இருக்கிறது என்று அப்பா தேற்றுகிறார். அதற்கு அவன், அவள் உடலையும்தான் நான் நேசித்தேன் என்கிறான். நம்பாதவர்களுக்குச் சாவு எப்படி வலிக்கும் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை. எங்களுக்கு மிச்சம் வைத்துக்கொள்ள ஆன்மா கிடையாது. அந்தக் கை, அந்தக் குரல், அந்த நடை, அவ்வளவுதான் ஆள். அது போனால் எல்லாமே போயிற்று.

பிறகு அவள் எழும்போது கேமரா எதைக் காட்டுகிறது தெரியுமா? கோத்து வைத்த விரல்கள் மெல்லப் பிரிகின்றன. கண் திறக்கிறது. அவன் தூக்கி அணைத்ததும் அவள் வாய் அவன் கன்னத்தில் ஈரமாகப் பதிகிறது. ஒளிவட்டம் இல்லை, தேவதைகள் இல்லை. திரும்பி வந்தது அவன் கேட்ட அந்த உடல்தான். நான் அழுதது அதற்காக. அது நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால், நடக்காது என்று தெரிந்ததால் நடக்க வேண்டும் என்கிற ஆசை எனக்கு இல்லாமல் போய்விடவில்லை. பெரியம்மா போனபோதும் இருந்தது. வாய்விட்டுக் கேட்க எனக்கு ஒரு சாமி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அத்தை (10:02): 🙏

செந்தில் அண்ணன் (10:05): இந்தக் கதையை எழுதியவர் யார்?

மலர் (10:12): காய் முங்க் என்று ஒரு பாதிரியார் எழுதிய நாடகம் அண்ணா. அவர் பாதிரியாராக இருந்த வேடர்சோ ஊர்ப் பக்கம்தான் படத்தையும் எடுத்திருக்கிறார்கள். நாஜிகள் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவர்களை எதிர்த்துப் பேசினார். 1944 ஜனவரியில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் ஆட்கள் கொன்றுவிட்டார்கள். நம்பிக்கைக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவரின் எழுத்து, அதை நான் மேம்போக்காகப் பார்க்க முடியாது.

கதிர் (10:30): எல்லாம் சரி. நம் ஊருக்கு வா. சேக்கிழார் கதையில் நந்தனார் நெருப்பில் மூழ்கி, முனிவராக எழுந்த பிறகுதான் தில்லைக் கோயிலுக்குள் போகிறார். இங்கே பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதி அதைக் கீர்த்தனையாக்கினார். 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்துப் படமும் வந்தது. அதைப் பார்த்துத் தாத்தா கண் கலங்குவார் என்று பெரியப்பாவே சொல்லியிருக்கிறார். அந்தக் கண்ணீரால் யாருக்காவது கோயில் கதவு திறந்ததா? உருகி அழுவதால், எரித்தவர்களைக் கேள்வி கேட்க மறந்துவிடுகிறோம். எனக்கு இந்தப் படங்கள் மேல் சந்தேகம் வருவது அதனால்தான்.

மலர் (10:51): இதில் நான் உன் பக்கம் கதிர். நந்தன் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது, கூடவே கோபமும் வருகிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிட எனக்கு மனம் இல்லை. "வருகலாமோ" என்று அந்த மனிதர் வாசலில் நின்று கேட்கும்போது, அவருடைய ஏக்கத்தை நான் மதிக்காவிட்டால், வாசலை மறித்தவர்களின் கொடுமையும் எனக்கு முழுசாகத் தெரியாது.

நீ கேட்கிற கேள்வியைக் கேட்ட படமும் உண்டு. சத்யஜித் ராயின் தேவி, 1960. வங்காள ஜமீன் வீடு, 19-ஆம் நூற்றாண்டு. மாமனார் காளி பக்தர். சின்ன மருமகள் தயாமயிதான் காளி என்று ஒருநாள் கனவு காண்கிறார். விடிந்ததும் அவள் காலில் விழுகிறார். பதின்வயதுப் பெண் அவள், என்ன செய்வதென்று தெரியாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். பிறகு அவளைப் பீடத்தில் உட்கார்த்தி ஆரத்தி எடுக்கிறார்கள். ஒரு பிச்சைக்காரர் கொண்டுவந்த குழந்தை அவள் முன்னால் பிழைத்துவிடுகிறது, ஊரே திரள்கிறது. அப்புறம் அவள் உயிரையே வைத்திருக்கும் அந்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டரை நம்பாமல் அவள் மடியில் கிடத்துகிறார்கள். குழந்தை இறந்துவிடுகிறது.

ஓர்டெட்டையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார். இரண்டிலும் பக்தியுள்ள ஒரு கிழவர், இரண்டிலும் வீட்டுக்கு உயிரான ஒரு மருமகள். அங்கே ஒருவன் நம்பியதால் அவள் திரும்பி வருகிறாள். இங்கே ஒருவர் நம்பியதால் அவள் பைத்தியமாகிறாள். எது உண்மை என்று கேட்டால் நான் ராய் பக்கம்தான். ஆனால் ராய்கூட அந்தக் கிழவரைப் போலிச் சாமியாராகக் காட்டவில்லை. அவர் மனசார நம்புகிறார். அதனால்தான் படம் அவ்வளவு பயங்கரமாக இருக்கிறது.

மெர்சி அண்ணி (11:26): எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன் மலர். எனக்கு ஒரு சின்ன உறுத்தல், சொல்லலாமா?

மலர் (11:27): சொல்லுங்கள் அண்ணி.

மெர்சி அண்ணி (11:33): எங்கள் அம்மா ராத்திரி முழங்கால் போட்டு ஜெபமாலை சொல்வார்கள். மூட்டுவலி தாங்காமல் ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு சொல்வார்கள். அதை ஒருவர் பக்கத்தில் நின்று, என்ன அழகான காட்சி என்று பார்த்தால் எனக்குப் பிடிக்காது. அது காட்சி இல்லை, அவர்களுக்கு அது பேச்சு. எதிரே ஒருவர் கேட்கிறார் என்று நம்பித்தான் பேசுகிறார்கள். எதிரே யாரும் இல்லை என்று நினைக்கிற நீ அதில் எதைப் பார்க்கிறாய்?

மலர் (12:10): காலையிலிருந்து என்னிடம் கேட்டதில் இதுதான் கடினமான கேள்வி அண்ணி. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

நான் உங்கள் அம்மாவைப் பார்ப்பேன். மூட்டுவலியோடு முழங்கால் போட்டு ஒருவர் யாருக்காக வேண்டுகிறார் என்று பார்ப்பேன். அநேகமாக உங்களுக்காக, பிள்ளைகளுக்காக, ஒருவேளை எனக்காகவும். எதிரே யார் இருக்கிறார் என்பதில் நாங்கள் ஒத்துப்போக மாட்டோம். ஆனால் வேண்டுகிறவர் இருக்கிறார், அவர் வேண்டுகிற விஷயமும் இருக்கிறது. அவை எனக்கு அந்நியம் இல்லை.

பசோலினி என்று ஓர் இத்தாலிய இயக்குநர், கடவுள் மறுப்பாளர், மார்க்சியவாதி. ஒரு குறும்படத்தில் மதத்தை அவமதித்தார் என்று 1963-இல் அவருக்குத் தண்டனைகூட விதித்தார்கள். அடுத்த ஆண்டு அவரே மத்தேயு நற்செய்தியைப் படமாக எடுத்தார். வசனம் முழுக்க நற்செய்தியில் உள்ளதுதான். இறந்துபோன போப் இருபத்துமூன்றாம் யோவானுக்குப் படத்தைச் சமர்ப்பித்தார். ஏசுவாக நடித்தது ஒரு ஸ்பானிய மாணவர், அதற்கு முன் நடித்ததே இல்லை. சிலுவைக்குக் கீழே கதறும் வயதான மரியாள் யார் தெரியுமா? பசோலினியின் சொந்த அம்மா சுசன்னா. அவருடைய இளைய மகன் கீதோவை 1945-இல் போர்க்காலத்தில் கொன்றுவிட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயை, பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக நிற்கவைத்தார் மூத்த மகன். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழகு என்று தோன்றவில்லை அண்ணி. எழுந்து போய் அந்த அம்மாவைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

மெர்சி அண்ணி (12:19): சரி. அந்தப் படத்தின் லிங்க் அனுப்பு. அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.

கதிர் (12:24): நான் தேவி பார்க்கிறேன். பிணம் எழுகிற படம் எனக்கு இன்னும் வேண்டாம்.

மலர் (12:25): தேவி பார்த்துவிட்டுக் கூப்பிடு.

பெரியப்பா (மாலை 4:15): மலர், ஒரு சந்தேகம். அந்த மூத்த மகன், நம்பாதவன், பெண்டாட்டி எழுந்ததும் நம்பிவிட்டானா?

மலர் (4:18): நம்பிவிட்டான் பெரியப்பா. அவள் நம்பிக்கை தனக்கும் கிடைத்துவிட்டது என்று அவளிடமே சொல்கிறான். அந்த ஓர் இடத்தில் மட்டும் நான் படத்தோடு சண்டை போடுகிறேன். அவன் நம்பாமலேயே அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம்.

பெரியப்பா (4:26): எழுந்து வந்தால் எவனும் நம்புவான். அது ஒன்றும் பெரிதில்லை. எழுந்து வராமலும் விளக்கேற்றுகிறவனைப் பற்றி யாராவது படம் எடுத்திருக்கிறார்களா?

மலர் (4:40): எடுத்திருக்கிறார்கள். சுவீடனில் பெர்க்மன் 1963-இல் எடுத்த படம். குளிர்கால வெளிச்சம் என்று சொல்லலாம். பெர்க்மனின் அப்பாவும் பாதிரியார்தான். கதையில் வரும் பாதிரியார் மனைவியை இழந்தவர். கடவுள் பேசமாட்டேன் என்கிறார் என்று தவிக்கிறார். அணுகுண்டுப் பயத்தில் ஆறுதல் தேடி வந்த மீனவரிடம்கூடத் தன் சந்தேகத்தைத்தான் கொட்டுகிறார். அந்த மீனவர் போய்த் தற்கொலை செய்துகொள்கிறார். கடைசியில் இன்னொரு ஊர்த் தேவாலயத்தில் ஆராதனை நடத்த வேண்டும், கும்பிட ஆள் வரவில்லை. அவரை நேசிக்கிற ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மணி அடிக்கிறது, அவர் எழுந்து ஆராதனையைத் தொடங்குகிறார்.

பெரியப்பா (4:44): எவ்வளவு நேரம் ஓடும்?

மலர் (4:45): ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவுதான். ஆனால் தமிழில் வசனம் கிடையாது, ஆங்கில எழுத்து கீழே ஓடும்.

பெரியப்பா (4:49): அந்த எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடாது. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

மலர் (4:50): வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் பெரியப்பா.

அத்தை (4:52): நானும் வருகிறேன். அடை வார்த்துவிடுகிறேன், யாரும் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம்.